கடலுக்கு மேல் நான் குத்திய குத்து

நான் தென்காசிக்காரன், போலீஸ். குற்றால சீசனில் இருபது வருஷமாக அருவிக்கரையில் டூட்டி. திடீரென்று வெள்ளம் கூடும்போது சிலர் பயத்தில் தடுப்புக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நகர மாட்டார்கள். கன்னத்தில் அறைந்துதான் இழுத்து வருவேன். கோழைப்பயல்கள் என்று திட்டவும் செய்வேன்.

போன வருஷம் மகள் பிரசவத்துக்காக சிங்கப்பூருக்கு முதல்முறையாக விமானம் ஏறினேன். ஜன்னலுக்குக் கீழே கடலைத் தவிர ஒன்றுமில்லை. சீட்டின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். திடீரென்று விமானம் தூக்கிப் போட்டதும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து ஓடப் பார்த்தேன். பக்கத்து சீட்டில் இருந்த சிவகிரிக்காரர் என் தோளை அழுத்தி உட்காரவைத்தார். அவர் முகத்தில் ஓங்கிக் குத்தினேன். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

அவர் திருப்பி அடிக்கவில்லை. கையை நீட்டினார்.

"இதப் பிடிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

இறங்கும்வரை அந்தக் கையை நான் விடவில்லை.

இந்த சீசனில் மெயினருவியில் வெள்ளம் வந்தது. ஒரு பெண் கம்பியை விடாமல் அலறினாள். பழக்கத்தில் கையை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கையை இறக்கி அவளிடம் நீட்டினேன்.

"இதப் பிடிச்சுக்க தாயி. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

பிடித்தாள். நகங்கள் என் சதையில் இறங்கி ரத்தம் வந்தது. அப்படியே கூட்டி வந்தேன்.

அவளிடம் சொன்னது பொய்யில்லை. அந்தத் தண்ணீருக்கு முதல் நாளிலிருந்தே பயந்தவன்தான் நான். அது தெரிந்துவிடக் கூடாது என்றுதான் அத்தனை பேரையும் அறைந்திருக்கிறேன்.