லூர்துவை மூன்று கட்டத்தில் அடைத்தேன்

லூர்து துறைமுகத்தில் கோதுமை மூட்டை இறக்குகிற கூட்டத்தில் இருந்தான். மூட்டையைக் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் வேலைக்குப் போவான், வருவான். எனக்கும் அதே துறைமுகத்தில்தான் பிழைப்பு; மரப்பெட்டிகளின் மேல் கறுப்பு மையில் மார்க்கா எழுதுகிற வேலை. இராயபுரத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவன் இருமினால் எனக்குக் கேட்கும். அவ்வளவு பக்கத்தில் இருந்த மனுஷனை நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லப்போகிறேன். ஸ்டானிஸ்லாஸ் ஆகிய நான் நல்லவன் என்று யாராவது இன்னும் நினைத்துக்கொண்டிருந்தால் இதைப் படித்துத் தெளிந்துகொள்ளட்டும்.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மவுண்ட் ரோட்டில் ஒரு வாரப் பத்திரிகைக்கு வாராவாரம் சிரிப்புப் படம் வரைந்து கொடுப்பேன். மூன்று கட்டம். பெயர் ‘கொக்கி மாமு’. கீழே ‘வண்டு’ என்று கையெழுத்துப் போடுவேன். வண்டு யார் என்று எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் அந்தப் பெயரே. கொக்கி மாமுவுக்கு அரை டிராயர், இடுப்பில் கொக்கி, இடது தோள் கொஞ்சம் இறக்கம், முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. லூர்துதான், வேறு யார்? மூக்கை மட்டும் மாற்றினேன். மூக்கை மாற்றிவிட்டால் ஆள் மாறிவிடுவான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். திருட்டுப் பயல்.

திருடினது முகத்தை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் லூர்து காலைக் காட்சிக்கு ஓடுவான். காலைக் காட்சி என்றால் பழைய படம். ஒரு வாரம் வெள்ளைக்காரனின் பேசாத படம் போடுவார்கள், ஒரு வாரம் நம்முடைய ராஜா ராணிப் படம். மத்தியானம் வந்து, சாப்பிட்ட கையோடு, முழுப் படத்தையும் தெருவில் நடித்துக் காட்டுவான். பெண்கள் மீனை அரிந்தபடியே பார்ப்பார்கள். அந்த வெள்ளைக்காரன் எப்படி நடந்தான், எப்படி விழுந்தான் என்று இவன் காட்டுவதைப் பார்த்தால், கொட்டகைக்குப் போய்க் காசு கொடுத்தவன்தான் முட்டாள்.

விழுவதற்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் நிற்பான் லூர்து. அந்த ஒரு மூச்சில்தான் சிரிப்பு இருக்கிறது. அதை அவனிடம் பார்த்துத்தான் என் மூன்று கட்டத்தையே நான் கண்டுபிடித்தேன். சினிமாவில் ஆள் விழுவதைக் காட்டலாம். படக்கட்டத்தில் காட்டக் கூடாது. ஆள் மீன்கூடையில் விழ வேண்டும் என்றால், இரண்டாம் கட்டத்தில் கால் கூடைக்கு அரை அடி தள்ளி இருக்க வேண்டும். மூன்றாம் கட்டத்தில் ஆள் கூடைக்குள் இருக்க வேண்டும். விழுவது இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வெள்ளை இடத்தில். படிக்கிறவன் அங்கே தானாக விழுந்து தானாகச் சிரிப்பான். நீலமேகம், அதாவது எங்கள் ஆசிரியர், என்னை மேதை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவருக்கு அதைவிடப் பிடித்தது கொக்கி மாமுவின் பேச்சு. இன்னும் கொஞ்சம் போடுங்கள், படிக்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள் என்பார். இன்னா, கீது, வந்துகினு. என் அம்மா பேசுகிற பேச்சு அது. வீட்டில் நான் பேசுவதும் அதுதான். ஆனால் என் படத்தில் முட்டாள் மட்டும்தான் அதைப் பேசுவான். புத்திசாலிகள் எல்லாரும் சுத்தத் தமிழ் பேசுவார்கள். அந்தச் சட்டத்தை யாரும் எனக்குப் போடவில்லை, நானேதான் போட்டுக்கொண்டேன்.

லூர்துவுக்குப் படிக்கத் தெரியாது. ஒருநாள் துறைமுகத்தில் குமாஸ்தா ஒருவர் அந்தப் பக்கத்தைக் கிழித்து, உன்னை மாதிரியே இருக்கிறது பார் என்று கொடுத்திருக்கிறார். அதை என்னிடமே எடுத்து வந்து படிக்கச் சொன்னான். படித்தேன். என்னைவிட அதிகமாக அவன்தான் சிரித்தான். வரைந்தவன் கண்டிப்பாக நம்ம பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று பெருமையாகச் சொன்னான்.

அறுபத்தெட்டு கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவன் மகள் எல்சிக்கு வரன் வந்தது. பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சார்ஜ்மேன் அருள்பிரகாசத்தின் மூத்த பையன். பையன் தங்கமான பையன், எல்சிக்கும் பிடித்துப்போயிற்று. லூர்துவும் அவன் பெண்சாதி சிலுவையம்மாளும் நூறு கோயிலுக்கு மெழுகுவத்தி நேர்ந்திருப்பார்கள். பெண் பார்த்துவிட்டுப் போகும்போது பையனின் அம்மா வாசலில் நின்று, பெண் சரி, அப்பா பேச்சுதான் ஒரு மாதிரி இருக்கிறது என்று புருஷனிடம் முணுமுணுத்திருக்கிறாள். அது லூர்துவின் காதில் விழுந்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலமே என்னிடம் வந்துவிட்டான். அடுத்த முறை அவர்கள் சாப்பிட வரும்போது நாலு வார்த்தை கௌரவமாகப் பேச வேண்டும், கற்றுக்கொடு என்றான். அவனுக்குத் தெரிந்த கௌரவமான தமிழ் ராஜா ராணிப் படத்துத் தமிழ்தான். நானும் அதே தினுசில் ஒரு வசனம் கட்டிக்கொடுத்தேன்: ‘வாருங்கள், வாருங்கள். தங்கள் பாதம் பட்டதால் எங்கள் இல்லம் பாக்கியம் பெற்றது. அமருங்கள்.’ நாலு நாள் என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை. கையை ஏந்துவான், மார்பை நிமிர்த்துவான், எல்லாம் சரியாக வரும். ‘அமருங்கள்’ வருகிற இடத்தில் மட்டும் வாய் தவறி ‘குந்துங்கோ’ என்றுவிடுவான். தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். மகளுக்காக ஒரு மனுஷன் அப்படிப் பாடுபட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த வாரம் எனக்கு வரைய ஒன்றும் தோன்றவில்லை. புதன்கிழமை படம் கொடுத்தாக வேண்டும். இதை வரைந்தேன்.

முதல் கட்டத்தில் தொப்பையும் தொப்பியுமாக ரயில்வே சம்பந்தி வாசலில் நிற்கிறார். இரண்டாம் கட்டத்தில் கொக்கி மாமு கையை ஏந்தி அந்த வசனத்தை அட்சரம் பிசகாமல் சொல்கிறான். மூன்றாம் கட்டத்தில் நாற்காலி நொறுங்கி சம்பந்தி தரையில் கிடக்கிறார், மாமு, “இன்னா நைனா, குந்துனா இப்டியா குந்துவே?” என்கிறான். வரைந்து முடித்ததும் நானே வாய்விட்டுச் சிரித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் லூர்து தனியாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது கேட்டது.

மனசாட்சிக்கு ஒரு கணக்குச் சொன்னேன். படம் கொடுத்தால் அதைத் தகட்டில் பிளாக் செய்து அச்சாகி வர மூன்று வாரம் ஆகும். கல்யாணம் பாஸ்கா, அதாவது ஈஸ்டர், கழித்துத்தான் என்று பேச்சு. அதற்குள் ஜனங்கள் மறந்துபோவார்கள். ஆனால் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்துக்கு முன்னாலேயே முடித்துவிடலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் அவசரப்பட்டார்கள். தவக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது. ஜனவரி கடைசி ஞாயிறு முதல் ஓலை, அன்றைக்கே சாப்பாடு என்று முடிவாயிற்று. ஓலை என்பது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் வாசிப்பது. என் படம் அதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை வெளியாகிறது.

பதறிக்கொண்டு மவுண்ட் ரோட்டுக்கு ஓடினேன். பிளாக் தயாராக மேஜை மேல் இருந்தது. இதை நிறுத்திவிட்டு வேறு போடுங்கள் என்று கேட்டிருந்தால் நீலமேகம் திட்டியிருப்பார், ஆனால் செய்திருப்பார். கேட்கத்தான் போனேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் நீங்கள் போட்டதில் இதுதான் முதல் தரம் என்றார். டீ வரவழைத்தார். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்சியின் பெயரை வாசிக்கும்போது லூர்து எழுந்தே நின்றுவிட்டான், யாரும் நிற்கச் சொல்லாமல். மத்தியானம் பெரம்பூர்க்காரர்கள் ஐந்து பேர் வந்தார்கள். லூர்து எங்கிருந்தோ ஒரு கோட்டு வாங்கிப் போட்டிருந்தான். நாற்காலிகள் என் வீட்டிலிருந்து வந்தவை. படித்தவன் ஒருத்தன் கூட இருக்கட்டும் என்று என்னையும் நிற்க வைத்திருந்தான். அவர்கள் உள்ளே வந்ததும் கையை ஏந்தி, மார்பை நிமிர்த்தி, வசனத்தைச் சொன்னான். ஒரு எழுத்து தவறவில்லை. ‘அமருங்கள்’ என்பதையும் ‘அமருங்கள்’ என்றே சொல்லிவிட்டு, பாஸாகிவிட்டேனா என்கிற மாதிரி என்னைப் பார்த்தான்.

கையில் பத்திரிகை ஒன்றைச் சுருட்டி வைத்திருந்த மாப்பிள்ளையின் தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். அருள்பிரகாசம் உட்காரவில்லை. கனத்த சரீரம் அவருக்கு. நாற்காலியைப் பார்த்தார், லூர்துவைப் பார்த்தார்.

“உக்காந்தா நாற்காலி ஒடையும், பாத்துச் சிரிக்கலாம்னு கூப்பிட்டீங்களா?” என்றார்.

லூர்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. வசனத்தில் எங்கோ தப்பு பண்ணிவிட்டோம் என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான், பாவி மனுஷன். அதோடு எல்லாம் போயிற்று. பத்திரிகையில் வந்த கேலியை முகத்துக்கு நேரே இரண்டு தரம் சொல்லிக் காட்டுகிறான், இவன் வீட்டில் பெண் எடுக்க வேண்டாம், சாமியாரிடம் சொல்லி அடுத்த ஓலையை நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். மற்றவர்களும் போனார்கள். பையன் மட்டும் வாசலில் ஒரு நிமிஷம் நின்று எல்சியைப் பார்த்துவிட்டுப் போனான். இலைகள் போட்டபடி கிடந்தன.

தங்கை விட்டுப்போன பத்திரிகையை லூர்து எடுத்து என்னிடம் நீட்டினான். படித்தேன். என் வாயாலேயே மூன்று கட்டத்தையும் படித்தேன். நான்தான் வண்டு என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. சொல்லவில்லை. நம்ம ரெண்டு பேரும் பேசினது இதை வரைந்தவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டான். தெரியவில்லை என்றேன்.

இரண்டு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் எல்சி அழுவது கேட்டது. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் பெரம்பூருக்குப் போய், அருள்பிரகாசத்தின் எதிரில் நின்று, வண்டு நான்தான், லூர்துவுக்கு ஒரு பாவமும் தெரியாது என்று சொன்னேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் போயிருந்தேன்.

அவர் அடிக்கவில்லை. உள்ளே திரும்பி எல்லாரையும் கூப்பிட்டார். காப்பி வந்தது. தங்கை நோட்டுப் புத்தகத்தை நீட்டி கொக்கி மாமு வரைந்து தரச் சொன்னாள். வரைந்தேன். தொப்பைச் சம்பந்தி நான்தானா என்று கேட்டுவிட்டு அவரே தொடையைத் தட்டிச் சிரித்தார். நிஜக் கொக்கி மாமுவே தனக்குச் சம்பந்தி என்பதை ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் ஒருத்தன் நம்ப மாட்டான் என்றார். ஓலை நிற்காது, கல்யாணம் நடக்கும், ஆனால் ஒன்று.

“எங்க ஆளுங்க அம்பது பேர் வருவாங்க. அவங்க முன்னாடி அவர் அதை ஒரு தடவை பேசிக் காட்டணும்.”

பேசுவான், நான் சொல்கிறேன் என்றேன். அவனைக் கேட்காமலே சொன்னேன்.

திரும்பி வந்து லூர்துவிடம், வண்டு நான்தான், பெரம்பூரிலும் சொல்லிவிட்டு வந்தேன் என்றேன். முதலில் சிலுவையம்மாள்தான் வாய் திறந்தாள்.

“எங்கூட்டுச் சோத்தத் துன்னுட்டு எங்க வாயையே வித்துட்டியே நைனா.”

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. எனக்குத் தலை நிமிரவில்லை. லூர்து அவளைக் கையமர்த்தினான். கத்துவான், கொக்கியை எடுப்பான் என்று எதிர்பார்த்தேன். எடுத்திருக்கக் கூடாதா?

“கண்ணாலம் நடக்கும் இல்ல? அத்தச் சொல்லு.”

நடக்கும் என்றேன். அவர்கள் கேட்டதையும் சொன்னேன். எத்தனை வாட்டி பேச வேண்டும் என்று கேட்டான். ஒரு வாட்டி என்றேன். சரி என்றான்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. பந்தி முடிந்ததும் அருள்பிரகாசம் கையைத் தட்டி எல்லாரையும் உட்கார வைத்து, இதோ நம்ம கொக்கி மாமு என்றார். லூர்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நடுவில் வந்து நின்றான். எல்சி மாலையிலிருந்த பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையை ஏந்தினான், வசனத்தைச் சொன்னான். அந்த ஒரு மூச்சு நேரம் நின்றான். பிறகு, இத்தனை நாள் வராமல் இருக்கப் பாடுபட்டானே, அந்தக் ‘குந்து’வையும் என் மூன்றாம் கட்டத்தில் இருந்தபடியே சொன்னான். கல்யாணக் கொட்டகையே அதிர்ந்தது. பின்னாலிருந்து ஒருவர், நான் இப்போதுதான் வந்தேன், இன்னொரு தடவை என்றார். லூர்து என் பக்கம் ஒரு தரம் பார்த்தான். பிறகு இன்னொரு தடவையும் செய்தான், ஒரு குறையும் வைக்காமல்.

பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தட்டி, என்னமாய்ப் பேசுகிறார் உங்கள் ஆள் என்றார். ஆமாம் என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.