முக்கால் டப்பா சர்க்கரை

கடைகளில் கிலோக் கணக்கு வந்த புதிது. நான் கணக்கு டீச்சர். ஆனால் எங்கள் தாம்பரம் வீட்டில் எதையும் படியால் அளந்தே பழகியவள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு மருமகள் மேரி மைதா ஒரு கிலோ, சர்க்கரை ஒரு கிலோ வாங்கி வந்தாள். ஒரே அளவு டப்பாக்களில் கொட்டினேன். மைதா விளிம்பைத் தொட்டது. சர்க்கரை முக்கால்கூட வரவில்லை.

"மீதி எங்கடி? படப்பைக்கு, உங்க அம்மா வீட்டுக்குப் போயிடுச்சா?"

"சத்தியமா எடுக்கல அத்தை" என்று அழுதாள். நான் விடவில்லை. டப்பாவை அவள் கையில் கொடுத்து, தெருவே பார்க்கக் கடைக்கு இழுத்துப் போனேன். அத்தனை பேர் முன்னால் "திருடி" என்றேன்.

கடைக்காரர் சர்க்கரையைத் தராசில் கொட்டினார். முள் நேராக நின்றது.

"ஒரு கிலோ கரெக்டா கீதும்மா. மாவு லேசு, டப்பா ரொம்பிடும். சர்க்கரை கனம். டீச்சருக்கு இது தெரியாதா?"

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. "சரி, வா" என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

இப்போது படியைப் பரணில் போட்டுவிட்டேன். வீட்டில் ஒரு தராசு இருக்கிறது, மேரி வாங்கியது. உப்பு வாங்கி வந்தாலும் என் முன்னால் நிறுத்துக் காட்டுகிறாள்.

"போதும்மா, நம்புறேன்" என்றால், "முள்ளைப் பாருங்க அத்தை" என்கிறாள்.