பர்வீனின் வெள்ளைத் திரை

எங்கள் தொழிலில் கைக்கு வேலை கம்மி, கண்ணுக்குத்தான் ஜாஸ்தி. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துவிட்டு, வீட்டில் மனைவி முகத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் என் இனத்தவரே, இது உங்களுக்காக. வேங்கிக்காலில் ஒரு மாடியில் லாட்ஜ்களுக்கு அறைப் பதிவு மென்பொருள் எழுதுகிறோம். நான், குமார், பர்வீன், மூன்றே பேர். பேருக்கு நான் தலைவர்.

வந்த அன்றே

எனக்குத் திரை கறுப்பாக இருக்க வேண்டும். கறுப்பில் கலர் கலராக எழுத்து ஓடினால்தான் புரோகிராமர் என்று ஒரு மிதப்பு. பர்வீன் வேலைக்குச் சேர்ந்த அன்றே தன் திரையை வெள்ளையாக்கினார். எழுத்தைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் குறைத்து, முதுகுப்பக்க ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டார். "என்னம்மா, டியூப்லைட் கடையா? கறுப்பு நாலு நாள்ல பழகிடும்" என்று கிண்டலடித்தேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"எனக்கு சிலிண்டர் பவர் சார். கறுப்புல எழுத்துக்கெல்லாம் வால் முளைக்குதுங்க. என் வேலை சரியில்லைன்னா அப்ப சொல்லுங்க."

கவுண்டரில் வெயில்

என் மோகத்தில் எங்கள் வாடிக்கையாளர் ஏழுமலை அண்ணனின் லாட்ஜுக்கும் கறுப்புத் திரையே போட்டுக் கொடுத்தேன். அவர் கவுண்டர் கிழக்கே தெருவைப் பார்த்தது. காலையில் போன் வந்தது, ஓடினேன். வெயில் நேராக அவர் முகத்தில் அடிக்க, அவர் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் இது? ரூம் காலியான்னு பாத்தா என் மூஞ்சிதான் தெரியுது!"

ஒரே அறை, இரண்டு குடும்பம்

அன்றே வெள்ளைக்கு மாற்றிக் கொடுத்தேன். வினை அதில்தான் வந்தது. மறுவாரம் ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்தது எங்கள் மென்பொருள். கிரிவலக் கூட்டம் வரும் பௌர்ணமிக்கு மூன்று நாள்தான் இருந்தது. சரியாகாவிட்டால் பழைய நோட்டுக்கே போய்விடுவேன் என்றார் ஏழுமலை. அவர் போனால் அவர் சொல்லி வந்த நாலு லாட்ஜும் போய்விடும், எங்கள் மாடியைப் பூட்ட வேண்டியதுதான்.

இரண்டு நாள் தேடினேன். கண் எரிந்ததே தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. வெட்கத்தை விட்டு பர்வீனிடம் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் விரலை வைத்தார். அறை ஏற்கெனவே போய்விட்டதா என்று பார்க்கும் வரியின் முன்னால் இரண்டு சாய்கோடு. அதைப் போட்டால் கணினி அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். நிறம் மாற்றியபோது, சோதனைக்காகப் போட்டுவிட்டு எடுக்க மறந்தவன் நானேதான். என் கறுப்புத் திரையில் அப்படி நிறுத்திய வரிகள் மங்கின சாம்பல் நிறத்தில் இருக்கும். அதைத்தான் இரண்டு நாளாகத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்.

"யாரு போட்டது இது?" என்றான் குமார். பர்வீனுக்குத் தெரியும், கடைசியாக மாற்றியவர் பெயர் அவர் திரையில் இருந்தது. ஆனால் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. இன்றைக்கும் நினைத்தால் அந்தப் பெண்ணைக் கும்பிடத் தோன்றுகிறது.

"யார் போட்டா என்ன குமார்? எடுத்தாச்சு. ஓட்டிப் பாருங்க."

எல்லோரும் வெள்ளை

அந்தப் பௌர்ணமிக்கு ஏழுமலையின் லாட்ஜில் ஒரு சண்டை இல்லை. எனக்கு ஞானம் பிறந்துவிட்டது. மறுநாளே, இனி எல்லாத் திரையும் வெள்ளை என்று உத்தரவு போட்டேன். குமார் மறுபேச்சில்லாமல் மாற்றினான். சாப்பாட்டு நேரத்தில் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெள்ளை வெளிச்சம் அவனுக்கு ஒற்றைத் தலைவலியைக் கிளப்பிவிடுமாம். பர்வீன் போய் அவன் திரையைக் கறுப்பாக்கி, நிறுத்திய வரிகளுக்கு மட்டும் பளிச்சென்று மஞ்சள் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"வெள்ளை என் கண்ணுக்கு சரி சார். குமார் கண்ணை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

இப்போது எனக்கும் கண்ணாடி வந்துவிட்டது, சிலிண்டர் பவர்தான், என் திரையும் வெள்ளை, எழுத்தும் பெரிசு, அது பழக எனக்கு நாலு நாள்கூட ஆகவில்லை.