பச்சைமலைக்கு முன்னால் எதுவும் கட்டாதீர்கள்

ஒரு மலையடிவாரம் இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கப் பாடுபடுவது என் வேலை. எதுவுமே நடக்கவில்லை என்றால் நான் நன்றாக உழைத்திருக்கிறேன் என்று பொருள். இதைச் சொந்தக்காரர்களிடம் விளக்கிப் பாருங்கள், தெரியும். 'மக்கள் பங்கேற்பு' என்ற சொல்லை வைத்துப் பிழைக்கிறவர் நீங்களும் என்றால் விளக்கவே வேண்டாம், நீங்கள் நம்மவர்.

எனக்கு வீடு ஸ்ரீரங்கத்தில். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறி, அங்கே மாறி, உப்பிலியபுரம் தாண்டி இறங்கினால் நான் பார்த்துக்கொள்ளும் ஊர். ரோட்டோரம் வயல், வயலுக்குப் பின்னால் ஏரி, ஏரிக்குப் பின்னால் பச்சைமலை. பஸ்ஸில் தூங்குகிறவர்கள்கூட அந்த இடத்தில் கண் விழித்துப் பார்ப்பார்கள். ரோட்டுக்கும் மலைக்கும் நடுவில் வீட்டுமனைகள் முளைக்காமலிருக்க ஊர்க்காரர்களே ஒரு திட்டம் போட வேண்டும், நான் கூட இருந்து உதவ வேண்டும். ஓர் அறக்கட்டளை என்னை அங்கே அனுப்பியது இதற்காகத்தான்.

முதல் கூட்டம்

ஊராட்சி அலுவலகத்தில் திரை கட்டி, முந்தின நாள் மாலை நானே எடுத்த படத்தைப் பெரிதாகப் போட்டேன். வயல், ஏரி, மலை, மேலே ஒரு துண்டு மேகம். "இதைவிட அழகான இடம் இந்த ஜில்லாவில் உண்டா?" என்று கேட்டுவிட்டுக் கைதட்டலுக்காகக் காத்திருந்தேன்.

தங்கராசு என்ற விவசாயி மட்டும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தார். படத்தில் இருந்த வயல் அவருடையது. எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் திரும்பி, "அழகெல்லாம் இருக்கட்டும் மேடம். என் மோட்டார் ரூம் கதவு தெறந்து கெடக்கே, யாரு தெறந்தது?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார். பாதிக் கூட்டம் அவரோடு போய்விட்டது.

இரண்டு வரைபடம்

அடுத்த முறை பேச்சைக் குறைத்தேன். கோலமாவைக் கொடுத்து, உங்கள் ஊரை நீங்களே தரையில் வரையுங்கள் என்றேன். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆண்கள் சீக்கிரமே முடித்துவிட்டார்கள்: கோயில், டீக்கடை, பஸ் நிற்கும் இடம், ஆலமரம்.

பெண்கள் வரைந்துகொண்டே இருந்தார்கள். ஏரியிலிருந்து ஒரு வாய்க்கால் கிளம்பி, தங்கராசு வயல் வழியாக ரோட்டுக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கத்து வயல்களுக்கெல்லாம் பிரிந்து போவது அவர்கள் படத்தில்தான் இருந்தது. நானே அன்றைக்குத்தான் கவனித்தேன். தங்கராசுவின் அந்த நாலு ஏக்கரை மனைக்காக மேடாக்கினால் கீழே ஒருவருக்கும் தண்ணீர் கிடையாது. ஊராட்சித் தலைவர் மல்லிகா புடவையில் மாவைத் துடைத்துக்கொண்டே ஆண்கள் பக்கம் பார்த்துச் சொன்னார்: "நீங்க எங்கெங்க உக்காரலாம்னு போட்டிருக்கீங்க. நாங்க எங்கெங்க வேலை கெடக்குன்னு போட்டிருக்கோம்."

படிவம்

இந்த வரைபடத்தைக் காகிதத்துக்கு மாற்றி, ஊர்த் திட்டத்தைப் பதியத் திருச்சியில் ஓர் அரசு அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். ஊர்க்காரர்கள் காப்பாற்ற நினைப்பது என்ன என்று கேட்டார். ரோட்டிலிருந்து மலைவரை தெரிகிற காட்சியை என்றேன்.

படிவத்தை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தார். நஞ்சை இருந்தது, புஞ்சை இருந்தது, புறம்போக்கு இருந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மிகவும் வருத்தத்தோடு கேட்டார்: "காட்சின்னு இதுல எதுவும் இல்லீங்களே மேடம். காலி மனைன்னு போட்டுக்கலாமா?"

தங்கராசுவின் கேள்வி

மனை போடுகிறவர்கள் தங்கராசுவைப் பார்க்க வந்து போவதாக மல்லிகா போன் செய்தார். ஓடினேன். தங்கராசு களத்தில் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். முழங்கால் வீங்கியிருந்தது. மகன் துவாக்குடியில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான், திரும்பி வரமாட்டான். நான் நிலக்காட்சி, பாரம்பரியம், எதிர்காலத் தலைமுறை என்று பேசிக்கொண்டே போனேன்.

நான் முடித்ததும் கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். கோபமே இல்லாமல்தான் கேட்டார்: "நீங்க பஸ்ஸுலேருந்து பாக்கறதுக்காக நான் சாவுற வரைக்கும் உழுதுக்கிட்டே இருக்கணுமாம்மா?"

கிராம சபை

திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பவே கூச்சமாக இருந்தது. தங்கராசுவின் கேள்விக்குப் பதிலைக் கண்டுபிடித்தவர் மல்லிகா. அழகு என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. அந்த வாய்க்காலை நம்பிய கீழ்ப்பக்கத்து விவசாயிகளை வீடு வீடாகப் பார்த்து, தங்கராசு நிலத்தை அவர்களே வாரத்துக்கு எடுத்து உழுவது, விளைச்சலில் அவருக்குப் பங்கு கொடுப்பது, வாய்க்காலை எல்லாரும் சேர்ந்து தூர்வாருவது என்று பேசி முடித்தார். தங்கராசு மட்டும், "யோசிச்சு சொல்றேன்" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

கிராம சபையில் தீர்மானம் வாசித்தார்கள்: ரோட்டுக்கும் மலைக்கும் நடுவே மனை போடுவதில்லை. தங்கராசு கம்பை ஊன்றி எழுந்தார். அவர் சபையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "என் பேரை மொதல்ல போடுங்க. பக்கத்துல, வித்திருந்தா என்ன வெலைக்குப் போயிருக்கும்னும் எழுதுங்க. ஊருக்குத் தெரியட்டும்."

போர்டு

தீர்மானம் நிறைவேறியதில் எங்கள் தலைமை அலுவலகத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. என்னைக் கேட்காமலே இரும்புச் சட்டத்தில், லாரி அகலத்துக்கு ஒரு போர்டு செய்து அனுப்பி, ரோட்டோரம் நட்டுவிட்டார்கள். 'இயற்கை எழில் பாதுகாக்கப்பட்ட பகுதி.' கீழே எங்கள் சின்னம், மேலே நான் எடுத்த அதே படம்.

அடுத்த வாரம் பஸ் அங்கே நின்றபோது, என்னை அடிக்கடி பார்க்கிற கண்டக்டர் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். "போர்டு நல்லா இருக்கு மேடம். ஆமா, இந்த எடத்துல ஒரு மலை இருந்துச்சே?"

எல்லாரும் சேர்ந்து காப்பாற்றிய அந்த இடத்தில் இன்றுவரை எழும்பியிருக்கும் ஒரே கட்டுமானம் எங்களுடையதுதான்; அதை அகற்றச் சொல்லி நான் போட்ட கடிதம் பரிசீலனையில் இருக்கிறது.