அவருக்குக் கட்டிய சோறு

கொழும்பில் புடவைக் கடையொன்றில் வேலை செய்த என் கணவரை ஒரு சுற்றிவளைப்பில் பொலிஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். விசாரணை முடிந்ததும் விடுவதாகச் சொன்னார்கள். மாதங்கள் போயின, விடவில்லை.

நான் அப்போது உக்குவளையில் ஆசிரியை. வீட்டில் தனி. பாடசாலை விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் குசினியில் அடுப்பருகே நின்றபடியே பாண் ரொட்டியைப் பிய்த்துச் சீனி சம்பலோடு தின்பேன். ஒரு றாத்தல் பாணும் முடிந்துவிடும். பசியென்று சொல்ல முடியாது. வாய் அசையும்வரை, அவரை அடிக்கிறார்களோ என்ற நினைப்பு வராது. பாண் தீர்ந்ததும் வந்துவிடும். சட்டைகள் இறுகின. எனக்குக் கவலையே இல்லையென்று சக ஆசிரியைகள் பேசிக்கொண்டார்கள். உடம்பு அப்படி இருக்கும்போது எதைச் சொல்லி மறுப்பது?

ஒருமுறை அவரைப் பார்க்க அனுமதி கிடைத்தது. பலாக்கொட்டைக் கறியும் கருவாடும் வைத்து, வாழையிலையில் சோறு கட்டிக்கொண்டு கொழும்புக்கு ரயிலேறினேன். வெளிச்சாப்பாடு உள்ளே போகாது என்று சிறைவாசல் காவலர் சிங்களத்தில் சொன்னார். கம்பிக்கு அப்பால் கணவருக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"நீ ஒழுங்கா சாப்புடுறியா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

திரும்பும் ரயிலில் பொட்டலத்தைப் பிரித்தேன். கண்டி வருமுன் ஒரு பருக்கையும் மிச்சமில்லை. இலையை ஜன்னல் வழியே வீசிவிட்டு அழுதேன்.

பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்ணிடம் மட்டும் இதைச் சொன்னேன். மிளகு ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"நீங்க பசியில சாப்புடல்ல டீச்சர், பயத்துல சாப்புடுறீங்க. அப்பிடி வந்தா இங்க வாங்க. பேசாட்டியும் பரவால்ல."

போனேன். அவரோடு சேர்ந்து மிளகு ஆய்ந்தேன். சில மாலைகள் அப்படிக் கழிந்தன. பல மாலைகளில் அவர் வாசல்வரை போய்த் திரும்பிவந்து தின்றேன்.

அடுத்த வருடம் கணவரை விட்டார்கள். அவருக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அவர் தள்ளிவைத்த தட்டையும் நானே முடித்தேன். பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "எனக்குப் பயமா இருக்குங்க" என்றேன்.

"எனக்கும்தான்" என்றார்.

அன்று தட்டைக் கீழே வைத்துவிட்டேன். அடுத்த நாள் வைக்க முடியவில்லை.