ஆண்ட ராணிக்கான மணி

கார்ன்வாலில் ஆற்றோரத்துச் சிற்றூர் ஒன்றின் தேவாலய மணிக்கூண்டில் லவ்டே பாஸ்கோ பல வருடமாகக் கயிறு இழுத்து வந்தாள். மற்ற நேரத்தில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கூண்டிலேயே கனத்த மணி அவளுடையது. ஆனாலும் ஊருக்கு அவள் கேப்டன் பெண்டாட்டிதான். மணியடிக்கும் கூட்டத்துக்குக் கேப்டன் அவள் புருஷன் டென்சில். அந்தப் பட்டமும் அவன் பதவியில் இருக்கும்வரைதான். அதில் அவளுக்கு வருத்தமில்லை என்றால் பொய்.

ராணி இறந்த மறுநாள் நண்பகலில் துக்கமணி அடிக்க வேண்டும். காலையிலேயே டென்சில் மேலே ஏறி, ஒவ்வொரு மணியின் நாக்கிலும் ஒரு பக்கம் மட்டும் தோலைக் கட்டிவிட்டு வந்தான். அப்படிக் கட்டினால் ஓர் அடி ஓங்கிக் கேட்கும், மறு அடி மந்தமாக விழும்.

"ரெண்டு பக்கமும் கட்டணும், டென்சில்," என்றாள் லவ்டே.

"எதுக்கு? இவங்க அம்மா செத்தப்போ ஒரு பக்கம்தானே கட்டினோம். அவங்களும் ராணிதானே?"

"அவங்க ராஜாவைக் கட்டிக்கிட்டதால ராணி. இவங்க தானே சிம்மாசனத்துல உக்காந்து ஆண்டவங்க. ராஜா செத்தா என்ன மரியாதையோ, அதேதான் இவங்களுக்கும்."

"வந்துட்டா அரண்மனைக்காரி. இங்க கேப்டன் நீயா, நானா?"

அவள் தன் கயிற்றருகே போய் நின்றாள். மணிக்கு ஒருவராக ஆறு பேரும் கயிறிழுத்து மணிகளை வாய் மேலே பார்க்க நிமிர்த்தி நிறுத்தினார்கள். அப்படி நிற்கும் மணி படுத்திருக்கும் காளை மாதிரி. ஒரு சின்னக் கட்டையில் சாய்ந்திருக்கும்; தோள் பட்டால் போதும், அத்தனை வெண்கலமும் புரண்டு வரும். மணி நிமிர்ந்திருக்கும்போது யாரும் மேலே போகக் கூடாது. முதல் நாளே சொல்லித்தரும் பாடம் இது.

பன்னிரண்டு அடிக்கக் காத்திருந்தபோது, ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கரை ஊர் மணி முந்திக்கொண்டு கேட்டது. இரண்டு அடியும் மந்தமாக, மண்ணுக்கடியிலிருந்து வருவது போலிருந்தது.

"அக்கரைக்காரன் ரெண்டு பக்கமும் கட்டிட்டான்பா," என்று சிரித்தான் டென்சிலின் பழைய கூட்டாளி ட்ரீவ். "நம்ம கேப்டனுக்கு வீட்டுலயே சொல்லியும் ஏறல."

டென்சிலின் முகம் சிவந்தது. மிச்சத் தோல்களை அள்ளிக்கொண்டு ஏணிக்குப் போனான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

லவ்டே ஏணியை மறித்தாள். "மணியை இறக்கிட்டுப் போ," என்றாள்.

"இறக்கி, கட்டி, மறுபடி ஏத்துறதுக்குள்ள நேரம் தாண்டிடும். ஊரே கீழ நிக்குது. அக்கரைக்காரன் சிரிப்பான்."

"சிரிச்சா சிரிக்கட்டும். நீ போகாத."

"கயித்தை யாரும் தொடாம நில்லுங்க, அது போதும்."

மேலே பலகை கிறீச்சிட்டது. காலடி ஒவ்வொரு மணியாக நகர்ந்தது. லவ்டே தன் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னோடதுதான் கடைசி," என்று மேலிருந்து அவன் குரல் வந்தது. "நீ சொன்னதுதான் சரி, லவ்டே. காலையிலேயே கேட்டிருக்கணும்."

"பேசாம இறங்கி வா."

"இதோ, இந்த முடிச்சு மட்டும்."

யாரும் தொடாமலே அவள் கயிறு அசைந்தது.

தொடக்கூடாது என்று தெரிந்தும் தாவிப் பிடித்தாள். கயிறு அவளைத் தரையிலிருந்து தூக்கி, உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு மேலே ஓடியது. ட்ரீவ் இடுப்பைப் பிடித்து இழுத்துப் போட்டான். மேலே எதுவோ மோதியது. பிறகு மணி ஒலித்தது, மந்தமாக.

"டென்சில்," என்று கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள்.

வெளியே கல்லறைத் தோட்டத்தில் நின்ற ஊர்சனம், ராணிக்கான மணி தொடங்கிவிட்டது என்று தொப்பியைக் கழற்றித் தலை குனிந்து நின்றது.