நாலு மணிக் குரல்

பேருந்து நிலையத்தில் அந்த அம்மாளின் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. "மைக்கக்கா" என்று கேளுங்கள், செய்தித்தாள் விற்பவர் முதல் கழிவறை வாசலில் காசு வாங்குபவர் வரை எல்லாக் கையும் ஒரே திசையைக் காட்டும். இரண்டு பீரோவைச் சேர்த்து வைத்தது போல ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு மேசை, பஞ்சுத் தொப்பி போட்ட மைக், கடகடவென்று ஆடும் ஒரு மின்விசிறி. மைக்கைப் போடும்போது விசிறியை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் அதுவும் சேர்ந்து அறிவிப்புச் செய்யும். இருபத்திரண்டு வருடம் அந்த வேர்வையில்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

ஒவ்வொரு பேருந்தையும் மூன்று தடவை சொல்வது அவர் வழக்கம். எதற்கு மூன்று என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும். "முதல் தடவை ஓடுறவங்களுக்கு. ரெண்டாவது உக்காந்திருக்கிறவங்களுக்கு. மூணாவது புருஷன் பொண்டாட்டி சண்டை போட்டுக்கிட்டு நிப்பாங்க பாருங்க, அவங்களுக்கு." அந்தக் குரலைப் பற்றி நான் என்ன சொல்ல? கணீரென்று இருக்கும். அதில் அவருக்கு இருந்த கர்வமும் கொஞ்சநஞ்சமில்லை.

நாற்பத்து மூன்றாவது வயதில் அந்தக் குரலுக்குத்தான் ஆபத்து வந்தது. காலையில் ஒரு குறையும் இருக்காது. மூன்று, மூன்றரை தாண்டினால் நாக்கு கனக்கும். நாலு மணிக்கு "துறைமுகம் செல்லும் பேருந்து" என்பது மூக்கு வழியாக வந்தது. இடது கண் இமை தானாக இறங்கி, பாதிக் கண்ணை மூடிக்கொண்டது. பயணிகள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒரு புண்ணியவான் எழுத்திலேயே புகார் கொடுத்தார்: அறிவிப்பு செய்யும் பெண் மாலையில் குடித்திருக்கிறார்.

கிளை மேலாளர் அவரைப் போக்குவரத்துக் கழக மருத்துவரிடம் அனுப்பினார். அந்த மருத்துவர் ஊழியர்களைப் பார்ப்பது காலை எட்டிலிருந்து ஒன்பதுவரை மட்டுமே. காலம் காலமாக அப்படித்தான். ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்த மைக்கக்கா எட்டு மணிக்குத் துலக்கி வைத்த பாத்திரம் மாதிரி போய் நின்றார்.

"கண்ணைத் திறங்க. மூடுங்க. பேருந்து நிலையம்னு சொல்லுங்க."

சொன்னார். பக்கத்து அறையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவு தெளிவு.

"நல்லாத்தானே இருக்கீங்க. வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டுவிட்டு, நோய் எதுவுமில்லை, பழக்கவழக்கங்களைக் கவனிக்கவும் என்று எழுதிக் கொடுத்தார் மருத்துவர். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்றும் காலை எட்டு மணி. அடப்பாவமே, ஒரே ஒரு நாள் சாயந்திரம் பார்த்திருக்கக் கூடாதா என்று இப்போது எனக்கு வயிறு எரிகிறது. அப்போது அது யாருக்கும் தோன்றவில்லை, மைக்கக்கா உட்பட.

மைக்கைப் பிடுங்கி, தொலைந்த பொருள் அறையில் உட்கார வைத்தார்கள். குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே இரண்டு வருடம். பணிமனையில் டயர் மாற்றும் அவர் கணவர் சொட்டுக்கூடத் தொடாதவர். "பேரு வந்ததுதான் வந்துச்சு, ஒரு நாளாவது ரெண்டு பேரும் குடிச்சுத் தொலைச்சிருக்கலாம்" என்று சிரிக்க வைக்கப் பார்ப்பார். மைக்கக்கா சிரிக்கப் போனால் உதடு ஒத்துழைக்காது. சிரிப்பும் ஒரு தசை வேலைதானே.

விடை கிடைத்தது ஜூஸ் கடையில். ஒரு மத்தியானம் கண் தாங்க முடியாமல் கனத்தது. கடைக்காரரிடம் ஒரு ஐஸ் துண்டு வாங்கிக் கைக்குட்டையில் சுற்றி இமைமேல் இரண்டு நிமிடம் வைத்திருந்தார். எடுத்ததும் கடைக்காரர் கத்தினார்.

"அக்கா! ஷட்டர் தூக்கிக்கிச்சு!"

கல்லாப்பெட்டிமேல் இருந்த கண்ணாடியில் பார்த்தார். நிஜம்தான். இரண்டு கண்ணும் ஒரே அளவு. கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கிவிட்டது. ஆனால் மைக்கக்கா விடவில்லை. மறுநாள் மத்தியானமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ஐஸ் கதையை அப்படியே சொன்னார். மேசைக்குப் பின்னால் இருந்த இளம் டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "ஒண்ணுலருந்து அம்பது வரைக்கும் சத்தமா எண்ணுங்க" என்றார். முப்பத்தி நாலில் குரல் கரைந்தது.

மயஸ்தீனியா என்று பெயர். தசைகள் சீக்கிரம் களைத்துப்போகும் நோய். டாக்டரம்மா புரியும்படி சொன்னார்: "உடம்பைக் காக்கிற எதிர்ப்பு சக்தி இருக்கில்ல, அதுவே ஆள் மாறி நினைச்சுக்குது. காவலுக்கு வச்ச ஆள் தபால்காரரை வாசல்லயே தடுத்து நிறுத்தற மாதிரி. மூளை அனுப்பற சேதி தசைக்குப் போய்ச் சேர மாட்டேங்குது. ஓய்வெடுத்தா கொஞ்சம் சேரும். அதான் காலைல நல்லா இருக்கீங்க."

மாத்திரை வந்தது, காலை நேரப் பணி வந்தது, மைக்கும் திரும்பி வந்தது. ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. நாலு மணிக்கு மேல் தன் குரலை வெளி ஆள் காதில் விழ விடமாட்டார். தொலைபேசி அடித்தால் கணவர்தான் எடுக்க வேண்டும். குடிகாரி என்ற சொல் அப்படி உள்ளே போய் உட்கார்ந்திருந்தது.

ஒரு நாள் மைக்கக்காவின் கதையை யாரோ சொல்லக் கேட்டு, கண்ணாடி அறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். வேறொரு பேருந்து நிலையத்தில் பெட்டி பாதுகாக்கும் அறைக் காவலாளியின் மனைவி. கணவர் எட்டு மாதம் குழறிப் பேசினார், குடிப்பழக்கம் என்று வேலையிலிருந்து நீக்கினார்கள், ஒரு சாயந்திரம் மூச்சுத் தசைகளும் களைத்துப்போயின. நோயின் பெயர் அவர் இறந்தபிறகு ஒரு காகிதத்தில் வந்தது. அந்தப் பெண் அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உங்களுக்கு யாருங்க சொன்னா?"

"ஜூஸ் கடைக்காரர்" என்றார் மைக்கக்கா.

"எங்க நிலையத்துல ஜூஸ் கடை இல்லீங்க."

அந்த வார்த்தையை மைக்கக்காவால் விழுங்க முடியவில்லை. ஒரு உயிர் தங்குவதும் போவதும் ஜூஸ் கடை இருப்பதையும் இல்லாததையும் பொறுத்தா? அன்றைக்கே விசாரித்தார். நோய்களைப் பற்றி மக்களுக்கும் செவிலியர்களுக்கும் சொல்லித்தர வருடா வருடம் அரசுப் பணம் ஒதுக்குகிற சுகாதாரக் குழு ஒன்று இருந்தது. யார் வேண்டுமானாலும் விண்ணப்பம் போட்டு, நேரில் வந்து பேசலாம். போட்டார்.

முதல் வருடம் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். குழுவில் யார் இருந்தார் தெரியுமா? அதே போக்குவரத்துக் கழக மருத்துவர். ஆயிரம் முகம் பார்க்கிறவர், அவருக்கு இவரை நினைவில்லை. மைக்கக்கா பிரமாதமாகப் பேசினார். "நல்லா பேசறீங்கம்மா. நல்லா இருக்கீங்க. லட்சத்துல சில பேருக்கு வர்ற வியாதி, அதுக்குப் பொதுப் பணம்னா யோசிக்கணுமே" என்றார் மருத்துவர். இரண்டாவது வருடமும் காலை பத்து, அதே பேச்சு, அதே பதில்.

அன்று மாலை கணவரிடம் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தார். குரல் வரவில்லை. வராத குரலோடு அப்படியே நின்றவர், திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார். ஒரு காகிதத்தை இழுத்து எழுதினார்: *டாக்டர் செஞ்ச அதே தப்பை நானும் ரெண்டு வருஷமா செஞ்சிருக்கேன். காலைல போயிருக்கேன்.*

மூன்றாவது வருடம் எழுத்தரிடம் போய், கடைசி நேரம் வேண்டும், நாலு மணி, என்றார். எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எல்லாரும் முதல் ஆளா வரணும்னு என் உயிரை வாங்கறாங்க. நாலு மணிக்கு அவங்க பாதித் தூக்கத்துல இருப்பாங்கம்மா."

"இருக்கட்டும். நானும் பாதிதான் இருப்பேன்."

கணவர்தான் தாங்கவில்லை. "வேணாம். அந்தக் குரலை எனக்கே நீ அளந்துதான் கேக்க விடறே. ஊரு முன்னாடி போயி மானத்தை வாங்கிக்கணுமா?"

"என் மானத்தை எட்டு மணிக்கே வாங்கிட்டாங்க. நாலு மணிக்குத் திருப்பி வாங்கிக்கறேன்" என்றார் மைக்கக்கா. சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கும் உள்ளூரப் பயம்தான். டாக்டரம்மா ஒரு நிபந்தனை போட்டார்: மாத்திரையைத் தவறவிடக் கூடாது, தானும் பக்கத்தில் இருப்பேன். குரல் சோர்வதைக் காட்ட மாத்திரையை நிறுத்தத் தேவையும் இல்லை, தொடர்ந்து பேசினால் போதும்.

நீளமான மேசை, ஏழு உறுப்பினர்கள், ஆறிப்போன தேநீர். ஒருவர் கொட்டாவியை ஃபைலால் மறைத்தார். மைக்கக்கா மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். "எனக்குப் பத்து நிமிஷம் குடுங்க. நான் என் வேலையைச் செய்யறேன், நீங்க கேளுங்க" என்றார்.

"மில் கேட் வழியாகத் துறைமுகம் செல்லும் பேருந்து மூன்றாம் நடைமேடையில்..."

மூன்று தடவை. அடுத்தது பாலத்தடிப் பேருந்து, மூன்று தடவை. ஆஸ்பத்திரிப் பேருந்து. உறுப்பினர்கள் புன்னகைத்தார்கள், தினம் கேட்ட குரல் ஆயிற்றே. நாலாவது நிமிடத்தில் 'ற' வழுக்கியது. ஆறாவதில் சத்தம் மூக்குக்கு ஏறியது, இடது இமை இறங்கியது. எட்டாவதில் "துறைமுகம்" என்பதில் வெறும் காற்றுதான் இருந்தது.

அப்போது ஒரு உறுப்பினர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். சாராய வாடை வருகிறதா என்று லேசாக மோந்தும் பார்த்தார். அந்தப் பார்வை மைக்கக்காவுக்குத் தெரியும், இரண்டு வருடம் அதைத் தின்று வாழ்ந்தவர். எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை. அந்தப் பேருந்தை மூன்றாவது தடவையும் சொல்லி முடித்தார்.

பிறகு பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து, ஐஸைக் கைக்குட்டையில் சுற்றி, இமைமேல் வைத்தார். இரண்டு நிமிடம் அப்படியே வைத்திருந்தார். எடுத்தார். இமை ஏறியிருந்தது. டாக்டரம்மா எழுந்து, மைக்கக்கா காலையிலேயே எழுதி வைத்திருந்த தாளை வாசித்தார்: எட்டு மணிக்குப் பார்த்து மருத்துவர் எழுதிய மூன்று சீட்டுகள், தொலைந்த பொருள் அறை, காவலாளி, ஜூஸ் கடை.

போக்குவரத்துக் கழக மருத்துவர் தாளோடு இருந்த சீட்டுகளை வாங்கித் தன் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்தார். "நான் உங்களைப் பார்த்தப்ப எல்லாம் காலை எட்டு மணியா?" என்று கேட்டார். மைக்கக்கா எட்டு விரலைத் தூக்கிக் காட்டினார். மருத்துவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பயிற்சின்னு ஒண்ணு நடத்தினா, படிக்க வர்றவங்க பட்டியல்ல முதல் பேரா என் பேரை எழுதுங்க" என்றார். அந்த மனுஷரையும் சும்மா சொல்லக் கூடாது, அப்படிச் சொல்லவும் ஒரு மனசு வேண்டும்.

கேட்டதில் பாதிதான் ஒதுக்கினார்கள். அந்தப் பாதியில் செவிலியர்களுக்கு வகுப்பு நடந்தது, ஊழியர்களை மருத்துவர் மத்தியானத்திலும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்ற விதி வந்தது, எல்லாப் பேருந்து நிலையங்களிலும் ஒலிபரப்ப ஓர் அறிவிப்பு தயாரானது. பதிவு செய்யக் காலையில் வரச் சொன்னார்கள். மைக்கக்கா நாலு மணிக்குத்தான் வந்தார். ஒலிப்பதிவாளர் குரலைக் கொஞ்சம் சீர்படுத்தட்டுமா என்று கேட்டார். கை வைக்கக் கூடாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

அது முதலில் ஒலித்த நாளில் மைக்கக்கா தன் கண்ணாடி அறையில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கியில் அவருடைய அந்தக் குரல், குழறலாக, மூக்கால்: "இப்படிப் பேசுறவங்க எல்லாரும் குடிச்சவங்க இல்ல. காலைல நல்லா இருந்து, சாயந்திரம் கண்ணும் குரலும் சோர்ந்து போனா, மருத்துவமனைக்குப் போங்க. எப்பச் சோருதுன்னு மறக்காம சொல்லுங்க." மூன்று தடவை. நடைமேடையில் சிலர் சிரித்தார்கள். சிலர் அண்ணாந்து பார்த்தார்கள். முன்பு ஒளித்து வைத்த குரல் இப்போது நிலையமெங்கும் கேட்டது.

பதினோராவது நாள் சாயந்திரம், வேலை முடிந்தும் அறிவிப்பைக் கேட்க உட்கார்ந்திருந்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டிருந்தபோது கண்ணாடியை யாரோ தட்டினார்கள். ஒரு தையல் கடைக்காரர், கூடவே அவருடைய தங்கை. தங்கையின் இரண்டு இமைகளும் பாதி இறங்கியிருந்தன. கண்ணைத் திறந்து பார்ப்பதற்காக முகத்தையே மேலே தூக்கியிருந்தாள்.

"எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு இங்க கேக்கலாம்னு... இவளுக்கும் காலைல ஒண்ணும் இருக்கிறதில்லைங்க. சாயந்திரமாத்தான். மாமியார் வீட்ல நடிக்கிறான்னு அனுப்பிட்டாங்க" என்றார் அண்ணன்.

மைக்கக்கா பையைக் கழற்றி வைத்தார். மணி நாலாகப் போகிறது. நாக்கு கனத்துவிட்டது. வெளி ஆள் முன்னால் பேசும் நேரமே இல்லை. இருந்தும் குழறிக் குழறிக் கேட்டார்.

"உங்களுக்கு... யாரும்மா சொன்னா?"

அந்தப் பெண் முகத்தை இன்னும் கொஞ்சம் தூக்கி, தன் குழறலிலேயே பதில் சொன்னாள்.

"நீங்கதாங்க்கா. மூணு தடவை சொன்னீங்களே."